மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறேன், ஹெச்.ஐ.எம். முதுகலை படிக்கலாமா?

திருமங்கலத்துப் பொண்ணு:
வணக்கம். மதுரையில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறேன், அதாவது நோயாளியின் பதிவை (சார்ட்) படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் வேலை. அதற்கான சி.பி.சி. சான்றிதழும் வாங்கியாச்சு. வேலை பிடிக்காமல் இல்லை, ஆனால் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை சார்ட் எண்ணிக்கை, குவாலிட்டி சதவீதம், இதைத் தாண்டி எதுவும் கண்ணில் படுவதில்லை. ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் (ஹெச்.ஐ.எம்.), அதாவது மருத்துவப் பதிவுகளை நிர்வகிக்கும் படிப்பில், முதுகலை படிக்க ஆசை. மணிப்பாலில் எம்.எஸ்சி. இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் பெரியப்பா மகன் அங்கேயே வந்து படிக்கச் சொல்கிறார். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கவும் தயார், எனக்கு அதுதான் பயம். இந்தப் பட்டம் நிஜமாகவே உதவுமா, இல்லை இன்னொரு சர்ட்டிஃபிகேட் போதுமா?

கே.கே.நகர் ரெக்கார்ட்ஸ்:
தங்கச்சி, கோடிங் இந்தத் துறையில் ஒரு பகுதிதான். நான் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.டி., அதாவது மருத்துவப் பதிவுத் துறை, பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் ஆன கேஸ் ஷீட் மேசைக்கு வந்ததும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதா, மயக்க மருந்துக் குறிப்பு இருக்கிறதா, ஆபரேஷன் குறிப்பில் தேதியும் நேரமும் போட்டிருக்கிறார்களா என்று தாள் தாளாகப் புரட்டணும், குறை இருந்தால் வார்டுக்குத் திருப்பி அனுப்பி டாக்டர் பின்னாலேயே அலையணும். இன்சூரன்ஸ் கம்பெனி விளக்கம் கேட்கும், விபத்து, அடிதடி மாதிரி போலீஸ் சம்பந்தப்பட்ட எம்.எல்.சி. கேஸுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். நோயாளி தன் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதியே இருக்கிறது.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பழைய ஆபரேஷன் சம்மரி கேட்டு வந்தார். இனிஷியல் ஒரு தடவை பெயருக்கு முன்னால், ஒரு தடவை பின்னால், அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர், இரண்டு ஃபைல். ஒன்றில் மருந்து அலர்ஜி எழுதியிருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இப்படி இரட்டைப் பதிவு உருவாகாமல் பார்த்துக்கொள்வது, உருவானால் சரியாகச் சேர்ப்பது, இதெல்லாம் படிப்பாகப் படிக்க வேண்டிய விஷயம். அலைடு ஹெல்த் (மருத்துவத் துணைத் தொழில்கள்) பற்றிய 2021 சட்டத்தில் இது அந்தத் தொழில்களில் ஒரு தனிப் பிரிவாகவே வந்துவிட்டது, அதே வருஷம் ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் டிஜிட்டலாக இணைக்கும் ஆபா எண் திட்டம், 2023-இல் தனிநபர் தரவுச் சட்டம், ஆகவே தெரிந்த ஆட்களுக்குத் தேவை கூடத்தான் செய்யும். ஆனால் மதுரையில் ஆரம்பச் சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறையலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒஹாயோ உசிலம்பட்டிக்காரன்:
அமெரிக்கா பக்கம் மட்டும் சொல்கிறேன். இங்கே இந்தத் துறையில் மதிக்கிற சான்று ஆர்.ஹெச்.ஐ.ஏ., அந்தப் பரீட்சை எழுத காஹிம் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும், பெயரில் ‘ஹெல்த்’ இருக்கிற எல்லா முதுகலையும் அதற்குச் செல்லாது. அப்புறம் நம்ம மூணு வருஷ பி.எஸ்சி.யை நாலு வருஷப் பட்டத்துக்குச் சமமாக எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்காது, விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் மெயில் போட்டுக் கேளுங்கள். முக்கியமாக, முழுக்க ஆன்லைன் படிப்புக்கு எஃப்-1 என்ற மாணவர் விசா கிடையாது. படித்து முடித்தபின் வேலை பார்க்க ஓ.பி.டி. என்ற அனுமதியில் 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் மேலும் 24 மாதம் கிடைக்கும். மெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ரெக்கார்ட்ஸ் நிர்வாகம் இல்லை. உங்கள் படிப்பு எந்தப் பாடப்பிரிவுக் குறியீட்டில் வருகிறது என்று கேட்காமல் பத்திரத்தைத் தொடவே தொடாதீர்கள், தங்கச்சி.

ஆடிட்டர் அக்கா:
நான் கோடிங்கிலேயே இருந்து ஆடிட்டுக்குப் போனவள். இதே பக்கம் வளரணும் என்றால் சி.சி.எஸ். என்ற கோடிங் சான்றிதழ்ப் பரீட்சை எழுதும்மா, இன்பேஷன்ட் (உள்நோயாளி) சார்ட் கைக்கு வரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் டைப் 2 சர்க்கரை, சி.கே.டி. (நாள்பட்ட சிறுநீரக நோய்) ஸ்டேஜ் 3 என்று தனித்தனியாக எழுதியிருந்தால், டாக்டர் வேறு காரணம் சொல்லாதவரை இரண்டையும் சேர்த்து ஈ11.22 (சர்க்கரையால் வந்த சிறுநீரக நோய்), கூடவே ஸ்டேஜுக்கு என்18.30 போடணும். புதுசாக வருகிறவர்கள் ஈ11.9 (சிக்கல் இல்லாத சர்க்கரை) போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்டேஜ் 3-இல் ஏ-வா பி-யா என்று டாக்டருக்குக் க்வெரி (எழுத்தில் விளக்கம்) அனுப்பிக் கேட்கிறவள்தான் மேலே போவாள். சாஃப்ட்வேர் குறியீடு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது, அது எடுத்தது சரியா என்று பார்க்க ஆள் வேண்டும். இதற்கு முதுகலை அவசியம் இல்லை. டேட்டா பக்கம், ஆஸ்பத்திரி நிர்வாகம் பக்கம் மனசு போகிறதென்றால் மட்டும் படி.

திருமங்கலத்துப் பொண்ணு:
அக்கா, மனசு அந்தப் பக்கம்தான் போகிறது. கே.கே.நகர் அண்ணா சொன்ன இரண்டு ஃபைல் விஷயத்தைப் படித்தபோது இதுதான் நான் செய்ய நினைக்கிற வேலை என்று தோன்றியது. அமெரிக்காவை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன், மணிப்பால் ஃபீஸ் விசாரிக்கிறேன். அண்ணா, சேர்வதற்கு முன்னால் ஒரு எம்.ஆர்.டி.யை நேரில் பார்க்க முடியுமா?

கே.கே.நகர் ரெக்கார்ட்ஸ்:
தாராளமாக. எங்கள் நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்கிறேன். நோயாளி ஃபைலைத் திறந்து காட்ட முடியாது, ஆனால் வெற்றுப் படிவங்கள், சரிபார்ப்புப் பட்டியல், ரேக்கில் அடுக்கும் முறை எல்லாம் காட்டலாம். காலை வேண்டாம், இன்சூரன்ஸ் க்ளைம் போகிற நேரம், மத்தியானத்துக்கு மேல் வாங்க. தனிச்செய்தி அனுப்புங்கள்.