புதுப்பிப்பு: தோப்பில் படர்ந்த கொடி மஞ்சள் கரிசலாங்கண்ணியன்று

தென்னைகளுக்கடியில் மஞ்சள் பூக்களோடு பாய் விரித்தாற்போல் படரும் கொடி மஞ்சள் கரிசலாங்கண்ணிதானா என்று இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். அதுவன்று; வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்து, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற வெடேலியா அது. மூலிகையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகி நீண்டது. இதன் இலையோ அகன்று, பளபளப்பாக, பெரும்பாலும் மும்மடலாகப் பிரிந்திருக்கிறது. நல்லவேளையாக வீட்டில் யாரும் அதைப் பறித்துத் துவையல் அரைக்கவில்லை.

புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டியதுதான் என் பெரும்பிழை: கணுவுக்குக் கணு வேர்விடும் செடியாதலால், சிதறிய துண்டுகளெல்லாம் அடுத்த மழைக்குப்பின் தனித்தனியே துளிர்த்தன. இப்போது மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, எருக்குழியில் போடாமல், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வாட்டுகிறோம். வாய்க்கால் ஓரத்தில் மட்டும் இன்னும் தளிர்க்கிறது. வாரம் ஒருமுறை பிடுங்கி வருகிறேன்.