வெலிங்டன் கொலைக்கதையில் ஒரு சந்தேகம்

குன்னூர் நண்பர்களுக்கு வணக்கம். டிவிக்கு ஒரு கிரைம் தொடர் எழுதுகிறேன். களம் வெலிங்டன் கன்டோன்மென்ட். ஒரு மேஜர், ஒரு பெண் கேப்டன். அவர் கணவரும் அதிகாரிதான். மறைவான காதல், அப்புறம் கணவர் கொலை.

பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு 2018இல் போய்விட்டதே, இனி என்ன தடை என்று நினைத்தேன். ஆனால் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, அதாவது அதிகாரிக்குத் தகாத நடத்தை, அப்படியே இருக்கிறது. நடவடிக்கை எடுக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. கதைக்கு நல்ல தீனி!

மலை ரயில் ஸ்டேஷன் பக்கம், பனிமூட்டத்தில் பிணம் கிடக்கிறது. முதலில் வருவது ஊர் போலீஸா, மிலிட்டரி போலீஸா? ஆபீசர்ஸ் மெஸ்ஸில் அதிகாரிகள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்கள்? ஓய்வுபெற்ற அண்ணன்மார் யாராவது சொல்லுங்களேன். என் மாமா ஹவில்தாராக இருந்தவர்; கேட்டால், "அந்த மெஸ்ஸுக்குள்ள நான் எங்கடா போனேன்" என்கிறார்.