கன்னியா என்ற கோப்புறையைத் திறந்தால் வரைபட மென்பொருள் விழுகிறது: பெயரை மாற்றுவதா, வழுவைத் திருத்துவதா?

குடாக்கரை
மூதூர் டீச்சர் ஒருவரின் வகுப்புப் பிள்ளைகள் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் வெப்பநிலை அளந்து வந்திருக்கிறார்கள். அதைத் திறமூல வரைபட மென்பொருள் ஒன்றில் கீறப் பார்த்தால், விண்டோஸ் மடிக்கணினியில் கோப்பைத் திறந்த நொடியே சாளரம் காணாமல் போகிறது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அதே கோப்பு என் லினக்ஸில் ஒழுங்காகத் திறக்கிறது.

அரைநாள் தேடியதில் ஒன்று பிடிபட்டது. கோப்பு டெஸ்க்டாப்பில் இருந்தால் விண்டோஸிலும் திறக்கிறது, ‘கன்னியா’ என்ற கோப்புறைக்குள் போட்டால்தான் விழுகிறது. பெயரை ஆங்கிலத்தில் மாற்றிவிட்டுப் போ என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூலநிரல் கையில் இருக்கும்போது ஏன் பெயரை மாற்ற வேண்டும்?

உப்புவெளியான்
தம்பி, நான் ஒரு கணினி ஆய்வுகூடத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்வது: கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம், இடைவெளி வேண்டாம். சொன்னபடி செய்தவர்களுக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை. சம்பளம் இல்லாமல் எழுதுகிறவர்களிடம் போய் எங்கள் கோப்புறைப் பெயருக்காக நேரம் கேட்பது நியாயமா?

அதோடு விண்டோஸின் நிகழ்வுப் பதிவைப் பார்த்தீரா? நான் அதே மென்பொருளை இங்கே விழுத்திப் பார்த்தேன். சி0000409 என்ற எண் வருகிறது. அது ஸ்டேக்கில், அதாவது நிரல் தற்காலிகத் தரவை வைக்கும் நினைவகப் பகுதியில், ஓர் இடையகத்தின் எல்லையை மீறி எழுதியதற்கான எண். நீர் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர், வழு வேறெங்கோ இருக்கிறது.

குடாக்கரை
அண்ணை, அந்த எண்ணை நம்பித்தான் நானும் ஒரு இரவு முழுக்க வீணாக அலைந்தேன். விண்டோஸ் 8இலிருந்து ஒரு நிரல் தன்னைத்தானே உடனே நிறுத்திக்கொள்ளும் எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் இதே எண்தான் பதிவாகும், ஸ்டேக்குக்கு மட்டும் இல்லை. கூடவே வரும் உபஎண்ணைப் பாருங்கள். இங்கே 5. தவறான மதிப்பு கொடுக்கப்பட்டது என்று அர்த்தம்.

ஊகமாகச் சொல்லவில்லை. விண்டோஸில் மூலநிரலைத் தொகுக்கும் கருவித்தொகுப்பான எம்சிஸ்2 வைத்து மென்பொருளை நானே கட்டி, வழுத்தேடும் கருவியான ஜிடிபியில் ஓட்டி, கோப்பைத் திறக்கும் செயற்கூறான எஃப்ஓப்பன் அழைக்கப்படும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். உள்ளே போகும் பாதையில் ‘கன்னியா’ இல்லை. அந்த இடத்தில் ஏழு கேள்விக்குறி வரிசையாக நிற்கிறது. க, ன, புள்ளி, ன, இகரக் குறி, ய, ஆகாரக் குறி. யூனிகோடில் ஏழு, அதற்கு ஏழு கேள்விக்குறி.

காரணம் இதுதான். விண்டோஸில் பழைய முறையில் கோப்பைத் திறந்தால் பெயர் அந்த இயந்திரத்தின் குறிப்பக்கத்துக்கு, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணைக்கு, மாற்றப்படும்; அதில் இல்லாத எழுத்து கேள்விக்குறியாகிவிடும். டீச்சரின் மடிக்கணினியில் அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு குறிப்பக்கமே கிடையாது, சிங்களத்துக்கும் கிடையாது. கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத எழுத்து. ஆகவே எஃப்ஓப்பன் தோற்று வெற்றுச் சுட்டியை, அதாவது எந்தக் கோப்பையும் காட்டாத மதிப்பை, திருப்பித் தருகிறது. இந்த மென்பொருள் அதைச் சோதிக்காமல் அடுத்த வரியில், கோப்பை வாசிக்கும் எஃப்கெட்ஸுக்குக் கொடுக்கிறது. அங்கேதான் விழுகிறது.

மூதூர் டீச்சர்
பெயரை மாற்றச் சொல்வது எனக்கும் முதலில் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையின் மடிக்கணினியில் பயனர் கணக்கையே தமிழில் திறந்திருக்கிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் அந்தப் பெயருக்குக் கீழேதான். அவள் கோப்பை எங்கே வைத்தாலும் விழுகிறது. பயனர் கோப்புறையின் பெயரை மாற்றுவது லேசான வேலை இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அவள் தரவைக் கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டு பக்கத்து மேசையில் காத்திருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனம் கேட்கவில்லை.

உப்புவெளியான்
டீச்சர் சொல்வது விளங்குகிறது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. விண்டோஸின் பிராந்திய அமைப்பில், முழு இயந்திரத்தையும் எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூடிஎஃப்-8க்கு மாற்றும் ஒரு தெரிவு உண்டு. அதை அழுத்தி மறுதொடக்கம் செய்தால் அந்தப் பிள்ளையின் வேலை நடக்கும். பழைய மென்பொருள்கள் சில எழுத்தைப் பிழையாகக் காட்டலாம், ஆனால் இன்றைக்கே தீரும்.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நீர் கண்டுபிடித்ததே இது விண்டோஸின் பிரச்சினை என்பதற்குச் சாட்சி. பைதானில் வரைபடம் கீறும் மேட்பிளாட்லிப்பை எடும். பக்கத் திரெட் ஒன்றிலிருந்து, அதாவது நிரலின் முதன்மை வேலைக்குப் பக்கமாக ஓடும் இழையிலிருந்து, சாளரத்தைத் திறந்தால் மேக்கில் நிரல் அப்படியே செத்துவிடும், லினக்ஸில் பல நேரம் ஓர் எச்சரிக்கையோடு ஓடும். சாளர வேலை முதன்மைத் திரெட்டில்தான் நடக்க வேண்டும் என்பது ஆப்பிள் போட்ட விதி. இவற்றை எல்லாம் வரைபட மென்பொருள்காரரின் தலையில் கட்ட ஏலாது.

குடாக்கரை
நீங்கள் சொன்ன மேக் உதாரணம் என் பக்கம்தான் சாய்கிறது, அண்ணை. பக்கத் திரெட்டில் சாளரம் திறப்பது லினக்ஸிலும் பிழைதான். அது பொறுத்துக்கொள்கிறது, மேக் பொறுக்கவில்லை. வழு இரண்டிலும் ஒன்றுதான்.

எங்கள் மென்பொருளிலும் வழு லினக்ஸில் இருக்கிறதா என்று பார்த்தேன். லினக்ஸில் ஒரு தரவுக் கோப்பின் அனுமதிகளை எல்லாம் சிஎச்மாட் 000 என்று எடுத்துவிட்டுத் திறந்தேன். செக்மென்டேஷன் ஃபால்ட் என்று விழுந்தது. விண்டோஸில் விழும் அதே வரி, அதே வெற்றுச் சுட்டி. இதை எப்படி விண்டோஸ் வழு என்பது?

பிறகு, ஏன் இவ்வளவு காலம் யாரும் காணவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் தம் எழுத்துக் குறிகளோடு கோப்புறைக்குப் பெயர் வைத்தால் 1252இல் அந்த எழுத்துகள் உண்டு, திறக்கும். ஜப்பானியருக்கு அவர்கள் இயந்திரத்தில் 932 உண்டு, அதுவும் திறக்கும். எழுதியவர்கள் ஆங்கிலமல்லாத பெயரை நேர்மையாகச் சோதித்தே இருக்கலாம். தமிழில் சோதிக்க அவர்களிடம் ஆள் இல்லை. நாங்கள் பெயரை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யார் போய்ச் சொல்வது?

உப்புவெளியான்
சிஎச்மாட் விஷயத்தை நானும் செய்து பார்த்தேன். விழுகிறது. அதோடு இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஆய்வுகூடத்தில் லினக்ஸ் இயந்திரங்களில், அண்மைய கோப்புகள் பட்டியலில் இருப்பதை அழுத்தினால் சில நேரம் இதே மென்பொருள் மூடிக்கொள்ளும். பென்டிரைவில் இருந்த கோப்பு, டிரைவைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். பிள்ளைகளைத்தான் பேசினேன். அதுவும் இந்த வரிதான். பேசியது பிழை.

சரி, வெற்றுச் சுட்டியைச் சோதிக்கும் திருத்தம் கட்டாயம் போக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழ்ப் பெயருக்காக எல்லா எஃப்ஓப்பனையும் மாற்றப் போகாதேயும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நிரலோடு போகும் மேனிஃபெஸ்ட் என்ற அறிவிப்புக் கோப்பில் யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் அந்த நிரலுக்கு மட்டும் குறிப்பக்கம் மாறும். சின்னத் திருத்தம் என்றால்தான் அவர்கள் கெதியாக ஏற்பார்கள்.

குடாக்கரை
மேனிஃபெஸ்ட் வழி அழகானதுதான், ஆனால் விண்டோஸ் 7 அதைக் கண்டுகொள்ளாது. இங்கே எத்தனை பள்ளிக்கூடத்தில் இன்னும் அதுதான் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். பெயரைக் குறிப்பக்கத்துக்கு மாற்றாமல் யூனிகோடிலேயே எடுக்கும் டபிள்யூஎஃப்ஓப்பன் அதிலும் வேலை செய்யும். எல்லா இடத்திலும் கைவைக்கத் தேவையில்லை, திறக்கும் வேலையை ஒரே செயற்கூறுக்குள் போட்டு, விண்டோஸ் என்றால் அங்கே மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டையும் ஒரே பொதியாக அனுப்பமாட்டேன். முதலில் வெற்றுச் சுட்டியைச் சோதிக்கும் திருத்தம், லினக்ஸில் விழுத்தும் வழியோடு. அவர்கள் விண்டோஸ் இல்லாமலே அதைப் பார்க்கலாம். அது உள்ளே போன பிறகு பெயர் விஷயம். அறிக்கையில் டீச்சரின் தரவுக் கோப்பையும் சேர்க்கலாமா?

மூதூர் டீச்சர்
தாராளமாக. கோப்புறைப் பெயரை மட்டும் மாற்றாமல் அனுப்புங்கள்.

உப்புவெளியான்
என்னிடம் விண்டோஸ் 7 இயந்திரம் இரண்டு இருக்கிறது. வெள்ளி பின்னேரம் ஆய்வுகூடம் திறந்திருக்கும், நீர் கட்டியதைக் கொண்டுவாரும், இரண்டு வழியையும் ஓட்டிப் பார்ப்போம். மேனிஃபெஸ்ட் போதும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அந்தப் பிள்ளையின் மடிக்கணினியையும் கொண்டுவரச் சொல்லுங்கள், டீச்சர்.