வாய்க்கால் நீர் அளவிக்கு எந்தச் சிப்: ரிஸ்க்-ஃபைவா, ஆர்மா?

பாலைப்பழம்:
கிளிநொச்சி இரணைமடு வாய்க்காலில் ஒரு அளவி. செக்கனுக்கு ஒருக்கால் நீர்மட்டம் வாசிச்சு, ஓடிப்போன தண்ணியைக் கூட்டிக்கொண்டு வரவேணும். பக்கத்திலை மழைமானி, அதின்ரை வாளி சரியுற ஒவ்வொருதரமும் ஒரு இன்டரப்ட் (ஓடுற வேலையை இடைநிறுத்தி வேறை வேலைக்குக் கூப்பிடுற சைகை). என்ரை தெரிவு சிஎச்32வி003: 16 ரெஜிஸ்டர் (கணக்குக்கு எண்ணை வைக்கிற இடம்) உள்ள ரிஸ்க்-ஃபைவ் (திறந்த கட்டளைத் தொகுதி), 48 மெகாஹேர்ட்ஸ், 16 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ரேம். கோர்டெக்ஸ்-எம்0 எண்ட ஆர்ம் புரொசெஸர் உள்ள எஸ்டிஎம்32எஃப்030எஃப்4 தேவையில்லை. வேகமும் ஃபிளாஷும் அதே அளவுதான், ரேம் மட்டும் 4.

முறிகண்டி:
தம்பி, ஏன் தேவையில்லை எண்டு சொல்லேல்லையே. மில்லிலீற்றரிலை கூட்டினால் 32 பிட் 4,294,967,295 வரைதான் தாங்கும், பிறகு 0. செக்கனுக்கு 1 கனமீற்றர் ஓடுற வாய்க்காலில் அது 71 நிமிசத்திலை நிரம்பிடும். ஆகவே 64 பிட் வேணும். கோர்டெக்ஸ்-எம்0 இதை ரெண்டு கட்டளையிலை முடிக்கும்: கீழ்ப்பாதியைக் கூட்ட மிச்சம் கேரி கொடியில் (அதை நினைவில் வைக்கிற ஒரு பிட்) ஏறும், மேல்பாதி அதையும் சேர்த்துக் கூட்டும். ரிஸ்க்-ஃபைவில் கொடியே கிடையாது. கீழ்ப்பாதியைக் கூட்டி, வந்த விடை கூட்டின எண்ணைவிடச் சின்னனோ எண்டு ஒப்பிட்டு, மேல்பாதியைக் கூட்டி, ஒப்பீட்டு விடையையும் கூட்ட நாலு கட்டளை. போதாததுக்கு அந்தச் சிப்பில் பெருக்கல் கட்டளையும் இல்லை.

பாலைப்பழம்:
செக்கனுக்கு 4 கோடியே 80 லட்சம் சுற்று இருக்கேக்கை ரெண்டு கட்டளை கூடினால் என்ன அண்ணை? கொடியை விட்டது மறதியாலை இல்லை. ஒவ்வொரு கணக்கும் ஒரே கொடியிலை எழுதினால், கட்டளைகளை வரிசை மாத்தி ஓட்டுற பெரிய புரொசெஸருக்கு அந்தக் கொடியைக் கண்காணிக்கிறதே ஒரு தனி வேலை. 32 பிட் கட்டளைகளின்ரை அமைப்பையும் பாருங்கோ: மூல ரெஜிஸ்டர்கள் எப்பவும் 15–19, 20–24ஆம் பிட்டுகளில், விடை போற ரெஜிஸ்டர் 7–11இல், உடனடி எண்ணின் (கட்டளைக்குள்ளையே எழுதின எண்) கூட்டல்-கழித்தல் குறி பிட் எப்பவும் 31இல். என்ன கட்டளை எண்டு தெரியமுன்னமே ரெஜிஸ்டரை வாசிக்கத் தொடங்கலாம். அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்திலை படிக்கிற ஒரு பிள்ளை எவரிட்டையும் உரிமம் கேட்காமல் இதை எஃப்பிஜிஏயிலை (விரும்பினமாதிரிச் சுற்று அமைக்கக்கூடிய சிப்) கட்டி ஓட்டலாம். ஆர்மிலை அது நடக்காது.

பெருக்கலுக்கு வருவம். மட்டத்திலிருந்து நீரோட்டத்தை அறிய வேணுமான நீர்மட்டத்தின் 1.5 அடுக்கை எந்தச் சிப்பும் ஓடேக்கை கணிக்கத் தேவையில்லை, முன்னமே கணிச்ச அட்டவணை போதும். அட்டவணைப் படியை 5 மில்லிமீற்றர் எண்டு வைக்காதேங்கோ, 4 வையுங்கோ. மட்டத்தைப் படியாலை வகுக்கிறது வெறும் 2 பிட் ஷிஃப்ட் (பிட்டுகளை நகர்த்தல்) ஆயிடும் (எம்0க்கும் வகுத்தல் கட்டளை இல்லை). 1 மீற்றர் ஆழத்துக்கு 251 எண். ஒண்டுக்கு 4 பைட், மொத்தம் 1,004 பைட்.

கட்டுக்கரை:
கூட்டலிலை ரெண்டுபேரும் நிண்டு மினக்கெடுறியள். கருவி படுக்கிறது இன்டரப்டிலை.

எம்0இல் இன்டரப்ட் வந்தால் வன்பொருளே 8 சொல்லை (ஒவ்வொண்டும் 4 பைட்), அதாவது 32 பைட்டை, ஸ்டாக்கிலை (ரேமிலை தற்காலிகமா அடுக்கிற இடம்) வைக்கும். திரும்பும் முகவரி இருக்கவேண்டிய இடத்திலை ஒரு சிறப்பு எண்ணைப் போடும். கையாளி (இன்டரப்ட் வந்தால் ஓடுற ஃபங்ஷன்) அந்த எண்ணுக்குத் தாவினவுடன் வன்பொருள் அடையாளம் கண்டு எல்லாத்தையும் மீட்கும். அதனாலை கையாளி வெறும் சி ஃபங்ஷன். எந்தக் கம்பைலரும் (சி கோடைக் கட்டளையா மாத்துற மென்பொருள்) சரிதான்.

ரிஸ்க்-ஃபைவ் தரத்திலை வன்பொருள் நிண்ட முகவரியையும் காரணத்தையும் குறிச்சுவைச்சு, இன்டரப்டை அணைக்கும். அவ்வளவுதான். ரெஜிஸ்டர்களைக் கம்பைலர் காப்பாத்தி, இன்டரப்டிலிருந்து திரும்புற எம்ரெட் கட்டளையாலை திரும்பவேணும். சிஎச்32வி003காரர் ரெஜிஸ்டரை வன்பொருளே காப்பாத்துற தங்கடை வேக வசதி ஒண்டைச் சேர்த்து, அதுக்குத் தங்கடை கம்பைலருக்கு மட்டும் விளங்கிற ஒரு குறிப்பை வைச்சிருக்கினம். அந்தக் கோடைச் சாதாரண ஜிசிசி கம்பைலரிலை போட்டால் ஒரு எச்சரிக்கை வரும், குறிப்பைத் தள்ளிவிட்டு ஃபங்ஷனைச் சாதாரணமாத் திரும்புற ரெட் கட்டளையிலை முடிக்கும். முதல் வாளி சரிஞ்சவுடன் புரோகிராம் நிண்ட இடத்துக்குத் திரும்பாது, திரும்பும் முகவரி வைக்கிற ஆர்ஏ ரெஜிஸ்டரிலை கிடந்த பழைய முகவரிக்குப் போகும். இன்டரப்டும் திரும்பத் திறபடாது. முதல் மழை வரும்வரை கருவி நல்லாத்தான் ஓடும்.

பாலைப்பழம்:
அது உண்மை, மறுக்கேல்லை. அதுக்கு வழி இருக்கு. தொடக்கக் கோடிலை அவை இயக்கிவிடுற அந்த வசதியின் பிட்டை 0 ஆக்கி, ஜிசிசியின் சாதாரண இன்டரப்ட் குறிப்பைப் போடுங்கோ. பிறகு ஆப்ஜ்டம்ப் எண்ட மென்பொருளாலை புரோகிராமைக் கட்டளை கட்டளையாப் பிரிச்சுப் பார்த்து, கையாளியின்ரை கடைசிக் கட்டளை எம்ரெட்தானோ எண்டு உறுதிசெய்யவேணும். இப்பிடிச் செய்தால் கம்பைலர் தான் தொடுற ரெஜிஸ்டரை மட்டும் காப்பாத்தும். எண்ணிக்கையை ஒண்டாலை கூட்டுற கையாளிக்கு ரெண்டு ரெஜிஸ்டர், 8 பைட். எம்0 என்ன செய்தாலும் 32.

முறிகண்டி:
கையாளிக்குள்ளை ஒரு பெருக்கல் குறி போட்டுப் பாருங்கோ தம்பி. பெருக்கல் கட்டளை இல்லாததாலை அது கண்ணுக்குத் தெரியாத ஃபங்ஷன் அழைப்பு. அழைப்பு வந்தால் கம்பைலர் அந்த அழைப்பு மாத்தக்கூடிய 10 ரெஜிஸ்டரையும் காப்பாத்தியாகவேணும், 40 பைட். ஒரு வாளிக்கு 0.2 மில்லிமீற்றர் மழை எண்டு அங்கேயே கணக்குப் பண்ணுற ஆளுக்கு உங்கடை 8 பைட் கிடைக்காது.

பாலைப்பழம்:
அப்ப கையாளியிலை எண்ணுறது மட்டும். 0.2 கணக்கு மெயினிலை (முதன்மைப் புரோகிராம்).

கட்டுக்கரை:
64 பிட் மொத்தத்தையும் மெயினிலையே வையுங்கோ. கையாளி அதைத் தொட்டால், மெயின் கீழ்ப்பாதியை வாசிச்சு மேல்பாதிக்குப் போறதுக்கிடையிலை இன்டரப்ட் புகுந்து பிழையான எண் வரும். எம்0ஓ ரிஸ்க்-ஃபைவோ, ரெண்டிலும் அது நடக்கும். மழை எண்ணி 32 பிட்டிலை இருக்கட்டும். அதை ஒரே கட்டளையிலை வாசிக்கலாம்.