சுவர் நன்கொடைக்கு முன்னால், அந்தப் பளிங்குக் கல்லைப் பற்றி

அன்பான ஊர் உறவுகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்கும் வாசல் வளைவுக்கும் வீட்டுக்கு 10,000 ரூபாய் கேட்டு மேலவீட்டு அண்ணாச்சி எழுதியிருந்தார்கள். பணம் தருவேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் நடக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் தங்கச்சி மகன் இந்தக் குழுவில் ஒரு கல்லின் படம் போட்டானே, அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். பாளையங்கோட்டையில் காயலான் கடையில் வாங்கிய வெள்ளைப் பளிங்குப் பலகை. மூடிப்போன ஒரு மெஸ்ஸின் மேசைப் பலகை என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அடுப்படி மேடையில் பதிக்க வாங்கினான். மேற்புறம் வழவழப்பாக இழைத்திருந்தது, ஆனால் பரப்பு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். மின்வாரியத்துச் சித்தப்பா பழைய மெயின் போர்டு என்றார்கள். அந்தக் காலத்தில் சுவிட்சுகளைப் பளிங்குப் பலகையில் பொருத்தியது உண்மைதான். ஹார்வி நூல் மில்லிலிருந்து வந்திருக்கும், இல்லை 1944-ல் ஓட ஆரம்பித்த பாபநாசம் பவர் ஹவுஸிலிருந்து வந்திருக்கும் என்று ஆளாளுக்கு எழுதினீர்கள்.

தங்கச்சிக்கு மனசு ஒப்பவில்லை. போர்டு என்றால் போல்ட் மறுபக்கம் வரை போக வேண்டும். இதில் ஒரு துளைகூட அடிவரை போகவில்லை. நேராகவும் இல்லை, சாய்த்துக் குடைந்திருக்கிறார்கள். பின்பக்கம் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தது. காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தாள். புள்ளிகள் வரிவரியாக விழுந்தன. புள்ளிகளை இணைத்தபோது முதலில் 14 வந்தது, அப்புறம் 13, அதற்கு முன்னால் ‘வெளி’, அதாவது பைபிளில் வெளிப்படுத்தின விசேஷம். ஞாயிறு பள்ளிக்குப் போன யாருக்கும் அது போதும். கர்த்தருக்குள் மரிக்கிறவர்களைப் பற்றிய வசனம். நம்மூரில் எத்தனையோ கல்லறைகளில் அதுதான் இருக்கிறது.

பளிங்கில் ஈய எழுத்துப் பதிப்பவர்கள் முதலில் எழுத்தைப் பள்ளமாக வெட்டுவார்கள். பிறகு அந்தப் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சாய்வாகத் துளை போட்டு, ஈயத்தை வைத்து அடிப்பார்கள். துளைக்குள் போன ஈயம் எழுத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். யாரோ ஈயத்தைப் பெயர்த்துவிட்டு, மேற்பரப்பை மெஷினில் இழைத்து எழுத்தை அழித்திருக்கிறார்கள். துளைகள் எழுத்தைவிட ஆழம் என்பதால் அவை மட்டும் தப்பிவிட்டன.

1918 என்ற வருஷமும், 26 என்ற வயதும், பெயரின் சில எழுத்துகளும் தேறின. தங்கச்சி வீட்டார் நம் வட்டாரச் சபைகளைப் பார்க்கும் சேகர குருவானவரிடம் அனுமதி கேட்டு அடக்கப் பதிவேட்டைப் பார்த்தார்கள். அந்த வருஷத்துக் கடைசிப் பக்கங்கள் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. இன்புளுயென்சா காய்ச்சல் வந்த வருஷம் அல்லவா. அதற்குள் ஒரு பெயர் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. நம்மூர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து உபாத்தினி. பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் வகையறா யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் சொல்வதுதான் முறை. ஆனால் ஒன்று யோசியுங்கள். என் ஆச்சியின் அம்மா அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்தவர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அப்படித்தான்.

பம்பாய் மைனி போன மாதம் போயிருந்தபோது, தெற்கு வரிசையில் கல் இல்லாத மேடுகள்தான் அதிகம், உடைமரம் மண்டிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அந்த வரிசையில் குடும்பக் கல்லறை கட்ட இடம் கொடுத்தபோது எங்கள் அப்பா கமிட்டிக்கு எழுதிக் கொடுத்த ஆட்சேபம் என்ன ஆனது? அப்போது பெயர்த்தெடுத்த கற்கள் எங்கே போயின? அண்ணாச்சி, இதை உங்களைக் குத்திக் காட்ட எழுதவில்லை. கிணத்தடித் தாத்தா காசு வாங்காமல் விட்ட நிலம் அது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

‘வெளியே தெரிந்தால் ஊருக்கு அவமானம்’ என்று எனக்குத் தனியாக எழுதினீர்கள். இடையன்குடிக் கோயிலுக்குள் கால்டுவெல் ஐயர் கல்லறையை நாம் விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். சாயர்புரத்தில் இருந்த போப் ஐயரின் கல்லறை ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே அடக்கமானவர்களின் வரலாற்றைக் கல்லறை கல்லறையாகத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். 1905-ல் ஜே. ஜே. காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைப் புத்தகமாகப் போட்டார், அதில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான். நம்மூர் உபாத்தினியையும் உபதேசியாரையும் பனையேறிகளையும் நாம்தான் எழுதி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விடுவதைத்தான் நான் அவமானம் என்பேன்.

துபாய் அத்தான் அசனப் (கோயில் விருந்து) பாத்திரக் கணக்கை மறுபடியும் கேட்டிருக்கிறார். கேட்கட்டும், நியாயம்தான். அதே கண்டிப்போடு இந்தக் கணக்கையும் அவரே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: எத்தனை கல்லறை, எத்தனை கல், பதிவேட்டில் எத்தனை பெயர். ஜேசிபி உள்ளே வருவதற்கு முன்னால் ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, வரிசை எண் போட்டு, பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பதிவேட்டுப் பக்கங்களையும் படமெடுத்து இரண்டு இடத்தில் வைக்க வேண்டும், ஒரு ஓரம் செல்லரிக்க ஆரம்பித்துவிட்டது.

வளைவு இப்போது வேண்டாம். நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கருங்கல்லில் வெட்டுவதற்கு ஒதுக்கிய தொகையை இந்த வேலைக்குத் திருப்புங்கள். கற்களைக் கழுவுகிறேன் என்று யாரும் ஆசிட் ஊற்றிவிடக் கூடாது, பளிங்கை அது தின்றுவிடும். தண்ணீரும் மெதுவான பிரஷும் போதும். திரும்பப் பதிக்கும்போது சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புக் கலவை போதும். ஆணி வேண்டுமென்றால் பித்தளையில் போடட்டும். இரும்பு துருப்பிடித்து உப்பினால் கல் பிளந்துவிடும்.

உபாத்தினியின் கல் இப்போது தங்கச்சி வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதில் மறுபடியும் எழுத்து வெட்டி, பதிவேட்டில் உள்ள பெயரோடு தெற்கு வரிசையில் வைக்கும் செலவு என்னுடையது. எந்த மேடு என்று சரியாகத் தெரியாவிட்டால் வரிசையின் தலைமாட்டில் வைக்கலாம்.

என் 10,000 ரூபாயை ‘பதிவேடு’ என்று குறிப்புப் போட்டு இந்த வாரம் அனுப்புகிறேன். கமிட்டி வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது. 1960-க்கு முந்தின அடக்க ஆராதனைப் படம், கல்லறைப் படம் யார் வீட்டு ஆல்பத்தில் இருந்தாலும் பின்பக்க எழுத்தோடு சேர்த்து அனுப்புங்கள். உபாத்தினி வகையறா பற்றித் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

கீழத்தெரு ஓட்டு வீட்டு மூத்தவள்,
சிங்கப்பூரிலிருந்து