வீட்டுக் கணினியில் பாட்டுச் சேகரிப்பு: திருகோணமலைக்காரர் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

உவர்மலை

அப்பா போன பிறகு அவருடைய அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுக்க கசெட். எண்ணிப் பார்த்தால் 86. எங்கள் ஊர்க் கடற்காற்று கதவுப் பிணைச்சலையே தின்றுவிடும், கசெட்டை விடுமா? சின்ன ஆணிகளெல்லாம் துரு, பதினொரு கசெட்டில் நாடா ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். இன்னும் வைத்திருந்தால் போய்விடும் என்று அன்றைக்கே கணினிக்கு மாற்றத் தொடங்கினேன். ஒரு வருடமாகிறது, இன்னும் முடியவில்லை.

கசெட்டை விரைவாகப் பிரதி எடுக்க முடியாது. 90 நிமிட கசெட் 90 நிமிடம் ஓடித்தான் ஆக வேண்டும். கசெட் ஓட்டும் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, டெக்கின் சத்தம் வெளிவரும் லைன் அவுட்டிலிருந்து கணினியின் நீல நிறத் துளைக்கு வயர் கொடுத்தேன். பக்கத்திலுள்ள ரோசாத் துளை மைக்குக்கானது. அதில் கொடுத்தால் சத்தம் உடையும், பெரும்பாலும் இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகிவிடும். முதல் நான்கு கசெட்டையும் அப்படிப் பதிந்துவிட்டுத் திரும்பவும் செய்தேன், நீங்கள் அந்த ஆறு மணித்தியாலத்தை மிச்சம் பிடியுங்கள். ஓடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பதியும்போது மிகப் பெரிய சத்தமும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சில கசெட் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். நாடா பழுது என்று எறிந்துவிடாதீர்கள். பாட்டைப் பதிந்த டெக்கின் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும், உங்களுடையது வேறு சாய்வில் இருக்கும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் சின்ன ஆணி ஒன்று உண்டு. பாட்டை ஓடவிட்டு, அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஜால்ரா பளிச்சென்று தெளியும். அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

சிடி தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி பிடிக்கும். நான் ஃபிளாக் என்ற கோப்பு வகையில் சேமிக்கிறேன். ஒன்றும் இழக்காமல் அளவு பாதிக்குக் கிட்டக் குறைகிறது. போனுக்கு மட்டும் எம்பி3.

எனக்கு அதிக நாள் எடுத்தது பெயர் வைப்பதுதான். பாட்டு மென்பொருள்கள் எல்லாம் பாடகரை முன்வைத்துச் செய்தவை. நாங்கள் படத்தையும் இசையமைப்பாளரையும் வைத்தல்லவா பாட்டைத் தேடுகிறோம்? ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகர் பெயரைப் போட்டவுடன் ஒரு படத்தின் ஆறு பாட்டும் ஆறு மூலைக்குச் சிதறிப் போயின. இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்ட வழி: ஆல்பம் என்ற இடத்தில் படமும் வருடமும், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட்டில் பாடியவர்கள். ஒரே பெயரில் இரண்டு படம் வந்திருப்பதால் வருடம் கட்டாயம். தேவாரத்துக்கு வேறு முறை. சம்பந்தர் எங்கள் கோணமலைக்குப் பாடிய மூன்றாம் திருமுறைப் பதிகத்தில் கொம்போசர் சம்பந்தர், ஆல்பம் கோணமலை, ஆர்ட்டிஸ்ட் ஓதுவார், வகை என்ற இடத்தில் புறநீர்மைப் பண். இப்படிப் போட்டபின் ஒரு பண்ணில் உள்ளதையெல்லாம் ஒரே தட்டில் கேட்க முடிகிறது.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு முறை இருந்தது. ரெக்கோட் பாரில் லிஸ்ட் கொடுத்துப் பதிவித்த கசெட்டுகளில் நீலப் பேனையால் 'மழைக்கு', 'கண்டி பஸ்', 'அவளுக்கு' என்று எழுதியிருக்கிறார். 'மழைக்கு' மட்டும் ஐந்து கசெட். மார்கழி மழையில் கரண்ட் இல்லாமல் பற்றரியில் கேட்டது எனக்கும் நினைவிருக்கிறது. பாட்டுகளைப் படவாரியாகப் பிரித்தால் அந்த வரிசை தொலைந்துவிடுமே என்று, ஒவ்வொரு கசெட்டையும் அதே வரிசையில் பிளேலிஸ்ட்டாகவும் செய்தேன். அம்மா இப்போது பிளேலிஸ்ட்டைத்தான் கேட்கிறார். 'அவளுக்கு' என்பதை முதலில் தொடவில்லை, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பதிந்தேன்.

ஒரு கசெட்டில் எழுத்தே இல்லை. நாதஸ்வரம், தவில், சனக்கூட்டம். நடுவில் ஒருவர் "பின்னுக்கு நில்லுங்கோ, பின்னுக்கு நில்லுங்கோ" என்கிறார். எங்கே, எப்போது என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட பதிவுகளை நீங்கள் எப்படிப் பெயரிட்டு வைக்கிறீர்கள்?

கிண்ணியா

உவர்மலை அண்ணன் எழுதியதைப் படித்ததும் வாப்பாவின் பெட்டி நினைவுக்கு வந்தது. நோன்பு காலத்தில் எங்கள் வீட்டில் ஸஹருக்கு முந்தியே நாகூர் ஹனிபாவின் குரல் கேட்கும். என்னிடம் அவருடைய பாட்டு இருநூறுக்கு மேல் எம்பி3 ஆக இருக்கிறது, கடைகளில் வாங்கிய சிடிகளிலிருந்து எடுத்தது. கணினி அவரை ஐந்து ஆளாகக் காட்டியது. நாகூர் ஹனிபா, ஈ.எம். ஹனிபா, புள்ளிக்குப் பின் இடைவெளி விட்ட ஈ. எம். ஹனிபா, இசைமுரசு, அப்புறம் ஆங்கில எழுத்தில் ஒன்று. எம்பி3டேக் என்ற, பாட்டு விபரம் திருத்தும் மென்பொருளில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து ஒரே தடவையில் ஒரே பெயராக்கினேன். பத்து நிமிட வேலை, பத்து வருடம் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

இன்னொன்று எங்கள் நாட்டுக்காரருக்கு முக்கியம். பழைய சிடிகளில் பாட்டின் பெயரைத் திறந்தால் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்தும் கலந்து வரும். கோப்பு கெட்டுப்போனது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்தது. யூனிகோட் மாற்றியில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும். வெறும் கேள்விக்குறியாக வந்தால்தான் மீட்க வழியில்லை, கேட்டுத்தான் எழுத வேண்டும்.

வாப்பாவின் கசெட்டுகளைப் பதிய ஆசை. டெக்கின் ரப்பர் பெல்ட் உருகிக் களியாகக் கிடக்கிறது.

உப்புவெளி

நான் இழந்ததைச் சொல்கிறேன். 2022 மின்வெட்டுக் காலம். பாட்டுகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு 'கட்' செய்து நகர்த்திக்கொண்டிருந்தேன், நடுவில் கரண்ட் போனது. வந்தபின் டிஸ்க் திறக்கவில்லை. 2005 முதல் சேர்த்தது. மீட்டெடுத்ததில் பெயர்கள் போய், எண்கள் மட்டும் மிஞ்சின. எப்போதும் 'கொப்பி' செய்யுங்கள், சரியாக வந்ததா என்று திறந்து பார்த்தபின் அழியுங்கள். இப்போது என்னிடம் மூன்று பிரதி. ஒன்று கணினியில், ஒன்று டிஸ்கில், ஒன்று கொழும்பில் தங்கச்சி வீட்டில். 2004 டிசம்பரில் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்துபோன பிறகும், எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்திருந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்றும் மனம் வலிக்கிறது.

சம்பூர்

எங்களிடம் கசெட்டே இல்லை. 2006இல் போரில் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டோம். பத்து வருடம் கழித்துத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தை மரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஆகவே என் சேகரிப்பு ஒரு கொப்பியில் தொடங்கியது. அம்மாவும் நானும் இருந்து, ஐயா சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்ற டைனமோ தந்த கரண்டில் கேட்ட பாட்டுகளை ஒவ்வொன்றாக எழுதினோம். அம்மாவுக்குப் படம் தெரியாது, முதல் வரி தெரியும். ஐயாவுக்குப் பிடித்தது இலங்கைப் பொப் பாட்டுகள், நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும். இதுவரை 140 பாட்டு எழுதினோம், 97 கிடைத்துவிட்டது. ஒவ்வொரு கோப்பிலும் 'கொமென்ட்' என்ற இடத்தில் அது யாருக்குப் பிடித்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். ஐயாவின் பெயரைத் தட்டித் தேடினால் அவருடைய பாட்டெல்லாம் வரிசையாக வருகிறது.

உவர்மலை அண்ணா, அந்தப் பெயரில்லாத கசெட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினீர்களா? தள்ளிப் போடாதீர்கள்.

உவர்மலை

சம்பூர் அக்கா எழுதிய அன்றைக்கே பெரியப்பாவிடம் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். காது மந்தம், ஹெட்போனைப் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். "பின்னுக்கு நில்லுங்கோ" வந்ததும் கையை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னார். நான்கு தடவை போட்டேன். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா என்று சொன்னார், அந்தக் குரல் யாருடையது என்றும் சொன்னார். வருடம் ஞாபகம் வரவில்லை. சுனாமிக்கு முந்தி என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் அந்த மனிதர் அதற்குப் பிறகு இல்லை. வருடம் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். கொமென்ட்டில் பெரியப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், சொன்னது யார், எந்தத் திகதியில் என்பதையும் சேர்த்து.

உப்புவெளித் தம்பி, எங்கள் மூன்றாவது பிரதி இந்தக் கிழமை அக்காவோடு மட்டக்களப்புக்குப் போகிறது.

கிண்ணியாத் தம்பி, என்னுடைய டெக் நல்லாக ஓடுகிறது, இன்னும் பதினான்கு கசெட்தான் மிச்சம். அது காத்திருக்கும். சனிக்கிழமை டெக்கையும் வயரையும் எடுத்துக்கொண்டு பாலம் கடந்து வருகிறேன். வாப்பாவின் கசெட்டுகளை வெயிலில் வைக்காமல் நிழலில் காற்றாட விட்டு வையுங்கள்.