கொலம்பியாவின் மோழை மாடுகள்: கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. கால்நடை மருத்துவம் முதுகலை படிக்கிறேன். லத்தீன் அமெரிக்காவின் கிரியோல் மாடுகள் பற்றித் தமிழில் பேச வேண்டும். இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

1493-ல் கொலம்பஸ் இரண்டாம் பயணத்தில் கப்பலேற்றிய மாடுகளிலிருந்து தொடங்கும் வம்சம் இது. ஐந்நூறு வருட வெயிலும் உண்ணியும் சலித்தெடுத்த மாடுகள். கொலம்பியாவில் ரோமோசினுவானோ என்றொரு இனம். சினு ஆற்றுப் பக்கத்து மோழை (கொம்பில்லாத) மாடு என்பதுதான் பெயரே. மலைப்பக்கம் பிளாங்கோ ஓரெஹினெக்ரோ: உடம்பு வெள்ளை, காது மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. இவற்றை ஓரங்கட்டியதில் இந்தியாவிலிருந்து போன திமில் மாடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. (பிரேசிலின் நெலோரே, நம் நெல்லூர்தான்!)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மந்தை சிறுத்தால் பொலிகாளைகளும் குறையும். தகப்பன் காளையே மகள் கிடாரியோடும் சேரும். மரபணு வளம் கரைவது இப்படித்தான். பாடநூல் இதை ‘உள்ளினக் கலப்பு’ என்கிறது. கேட்க வருபவர்களில் பாதிப் பேர் மாடு வளர்ப்பவர்கள், இந்தச் சொல் அவர்களிடம் எடுபடாது. உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள்? பொலிகாளையை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள்?

அப்புறம், ஸ்பானிஷ் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா? நான்கு பக்க வம்சாவளிப் பதிவேடு ஒன்றைப் படித்துச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலி ‘கிடாரி’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘புதியவள்’ என்கிறது. அடுத்த வாரத்துக்குள் கிடைத்தால் போதும்.